வலது கால் லாரி

எந்தப் பொட்டலம் வந்தாலும் துலுக்கானம் முதலில் அதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். பிறகு தலைகீழாகத் திருப்புவார். ஆறு பக்கமும் பார்த்து, ஒட்டியிருக்கும் டேப்பை நகத்தால் சுரண்டி, கொண்டுவந்த ஆளை ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார். அன்று வந்தது என் பொட்டலம். மாடியில் குடியிருக்கும் எனக்கு வந்த கண்ணாடி ஜாடியைக் கீழ்வீட்டு வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு, கூரியர்காரருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி சாமான். உள்ள வைக்கோல் கெடையாது, பேப்பர் கெடையாது. இத்த எவன் கட்னான்? அவன் பேரு எங்க? கட்னவன் பேரு இல்லாத பொட்டிக்கு யாரு நைனா பதில் சொல்றது?"

கூரியர்காரருக்கு இன்னும் நாற்பது வீடு பாக்கி. கையெழுத்தை வாங்கிக்கொண்டு தப்பித்தால் போதும் என்று வண்டியை உதைத்துக் கிளம்பினார்.

பட்டாபிராமில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் துலுக்கானத்தைத் தெரியாதவர்கள் குறைவு. குள்ளமான ஆள். முப்பத்தோரு வருஷம் பெட்டி தூக்கியதில் வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். ஆள்காட்டி விரலிலும் கட்டை விரலிலும் கறுப்பு பெயின்ட் ஏறிப் போய், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் விடாது. பேசும்போது உதட்டோரத்தில் ஏதோ இருப்பதுபோல் வாயை ஒரு பக்கமாகவே திறப்பார். ஆணிகளை வாயில் வைத்துக்கொண்டே பேசிப் பழகிய பழக்கம் அது.

ராணுவத்துக்குச் சாமான் கட்டி அனுப்பும் கிடங்கு ஒன்றில் அவருக்கு வேலை. அரசாங்கக் கிடங்கு இல்லை, ஒப்பந்தம் எடுத்து நடத்தும் தனியார் கிடங்கு. பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் எனக்கும் ஒரு மெமோ வந்து சேரும். பெட்டி அடிப்பது, அடுக்குவது, எண் வெட்டிய தகட்டை வைத்து மேலே பெயின்டால் எண் எழுதுவது எல்லாம் துலுக்கானத்தின் பொறுப்பு. வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. தண்ணீர் டிரம்மில் ஒன்று, அரிசி டின்னில் இரண்டு, கேஸ் சிலிண்டரில் மூன்று என்று எல்லாவற்றிலும் கறுப்பு எண் இருக்கும். "எம் நெத்தியில மட்டும் இன்னும் நம்பர் போடல" என்பார் அவர் மனைவி சொர்ணம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை அவருக்கு. ஆக, குடும்பமே பெட்டியில்தான் பிழைக்கிறது.

துலுக்கானத்தின் கோபம் தனி ரகம். கோபம் வந்தால் பக்கத்தில் எது கட்டியிருந்தாலும் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார். கீரைக்கட்டு, செய்தித்தாள் கட்டு, கொசுவலை எதுவும் தப்பாது. சென்ற ஜனவரியில் ஒரே வாரத்தில் என் துணிக்கொடியை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினார். ஏதோ நடந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கிடங்கில் அவரை வேலை நீக்கம் செய்யாமல், ஆனால் உள்ளேயும் விடாமல், விசாரணை முடியும்வரை வீட்டில் இரு என்று சொல்லிவிட்டார்கள். குற்றச்சாட்டு, ராணுவ ரகசியத்தை வெளியாருக்குச் சொன்னது.

அப்படி வந்த மெமோ காகிதத்தை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். 'வெளியார்' என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "இன்னொரு தபா படி" என்றார். படித்தேன். வாசலில் கிடந்த விறகுக் கட்டு ஒன்றை இழுத்துப் போட்டு அவிழ்க்க ஆரம்பித்தார்.

நடந்தது இதுதான். சென்ற ஐப்பசியில் வடக்கு எல்லையில் சண்டை மூண்ட வாரங்கள் நினைவிருக்கும். டீக்கடையில் உட்கார்ந்து ஊரே போர் நடத்தியது. டிவியில் சிவப்பு அம்பும் நீல அம்பும் வரைபடத்தில் மோதிக்கொண்டிருந்தன. துலுக்கானம் மட்டும் டிவி பக்கம் திரும்ப மாட்டார். "அம்பு போட்டவன் சோறு எங்கேந்து வர்துன்னு ஒரு கோடாச்சும் போட்டானா பாரு" என்று சொல்லிவிட்டு இரண்டாவது ஷிப்டுக்கும் சேர்த்துக் கிளம்பிப் போவார். கிடங்கில் ராப்பகலாகப் பெட்டி அடித்தார்கள். மலை மேல் நிற்பவர்களுக்கான பனி பூட்ஸ் வந்து குவிந்திருந்தது.

இந்த பூட்ஸ் விஷயத்தில் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் வழியில் பூட்ஸ் திருட்டுப் போனது. ராணுவ பூட்ஸ் சந்தையில் விலைபோகும் சரக்கு. யாரோ ஒரு புத்திசாலி அதிகாரி வழி கண்டுபிடித்தார். இடது கால் எல்லாம் ஒரு பெட்டி, வலது கால் எல்லாம் வேறு பெட்டி. இரண்டும் ஒரே லாரியில் போகக் கூடாது. ஒற்றைக் காலைத் திருடி எவன் என்ன செய்வான்? திருட்டு நின்றது. அதிகாரிக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அமைதிக் காலத்தில் ஒரு லாரி நான்கு நாள் பிந்தினாலும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. திருடுகிறவனைப் பற்றி அவ்வளவு யோசித்தவர்கள், போட்டுக்கொண்டு நடக்கிறவனைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

இடது கால் லாரி திங்கட்கிழமை போனது. வலது கால் லாரி வியாழக்கிழமை போனது. இடது கால் போய்ச் சேர்ந்து, வலது கால் வழியில் இருக்கும்போது உளவுத் தகவல் ஒன்று வந்தது. எதிராளி இன்ன மலைமுகட்டுக்கு நகர்கிறான் என்று சரியாகவே கண்டுபிடித்துச் சொன்னார்கள். அந்த இடத்துக்கு நம் ஆட்கள் நாற்பது பேரை உடனே ஏறச் சொன்னார்கள். அதுவும் சரிதான். அவர்கள் எங்கே போனார்கள் என்பது பரம ரகசியம். ரகசியம் என்பதால் சாமான் அனுப்புகிறவர்களுக்குச் சொல்லவில்லை. வலது கால் லாரி பழைய முகாமுக்கே போய் நின்றது. எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள ஓர் ஏற்பாடு இருக்கிறது. நம் ஆள் எங்கே இருக்கிறான் என்று அவனுக்குச் செருப்பு அனுப்புகிறவனுக்குச் சொல்ல ஓர் ஏற்பாடு இல்லை. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த நாற்பது பேரும் பெட்டியைத் திறக்க நேரமில்லாமல் அப்படியே தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். மேலே போய்த் திறந்தால் அத்தனையும் இடது கால். போட்டிருந்த பழைய பூட்ஸில் பாதிக்கு மேல் அடி பெயர்ந்து கிடந்தது. பெட்டிக்குள் கட்டியவர் பெயர் எழுதிய சீட்டு ஒன்று இருக்கும். அது எல்லாக் கிடங்கிலும் உள்ள விதி. துலுக்கானம் அதில் பென்சிலால் தன் செல்போன் எண்ணையும் சேர்த்து எழுதுவார். அது எந்த விதியிலும் இல்லை. எப்போதோ ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பழைய சிப்பாய் ஒருவர், "பெட்டிய திறந்தா உள்ள வேற சாமான் இருக்கும், யார்கிட்ட போய் கேக்கறது?" என்று சொன்னாராம். அன்றிலிருந்து எழுதுகிறார். ஒன்பது வருஷத்தில் ஒருவரும் கூப்பிட்டதில்லை.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. பேசியது ஆரணிப் பக்கத்துக்காரர், வரதன் என்று பெயர். அந்த நாற்பது பேரில் சாமான் பொறுப்பு அவருக்கு.

"அண்ணா, பெட்டியில உங்க பேர் தமிழ்ல இருந்துச்சு. அதான் கூப்பிட்டேன். எல்லாமே எடது காலா இருக்குதுண்ணா. இந்த ஒரு பாறை மேலதான் டவர் கிடைக்குது, சீக்கிரம் சொல்லுங்க."

"ரைட்டு வேற லாரில வந்துகினு கீது நைனா. நீங்க எங்க கீறீங்க?"

"அத சொல்லக்கூடாதுண்ணா."

இதை என்னிடம் சொல்லும்போது துலுக்கானம் சிரித்தார். சிரிப்பென்று அதைச் சொல்ல முடியாது. "அவன் எங்க கீறான்னு நான் கேக்கக் கூடாது. லாரி எங்க போச்சின்னு அவன் கேக்கக் கூடாது. ரெண்டு பேரும் போன்ல மூச்சு வுட்டுகினு கீறோம்."

துலுக்கானம் அப்போது ஒழுங்கான ஊழியர். நேராகப் போய் மேற்பார்வையாளர் மணவாளனிடம் சொன்னார். மணவாளன் கெட்டவர் இல்லை. இந்த ஊரின் பழைய நிலக்காரக் குடும்பம், மரியாதையாகப் பேசுவார். "நம்ம கையில ஒண்ணும் இல்ல துலுக்கானம். மேலே எழுதறேன். பதில் வரட்டும்" என்றார். எழுதவும் செய்தார். மேலே இருப்பவர் அதற்கும் மேலே எழுதினார். முதல் நாள் பதில் இல்லை. இரண்டாம் நாள் வரதன் மறுபடி கூப்பிட்டு, சாக்குத் துணியைக் காலில் சுற்றிக் காவல் நிற்பதாகச் சொன்னார். மூன்றாம் நாள் போன் வரவில்லை.

நாலாம் நாள் காலையில் துலுக்கானம் பதிலுக்குக் காத்திருப்பதை விட்டார். லாரி ஓட்டிப் போன டிரைவரைக் கூப்பிட்டார். எந்தக் கிடங்கிலும் உண்மை தெரிந்த ஒரே ஆள் டிரைவர்தான். "முகாம்ல ஆளே இல்ல அண்ணாத்தே. ஒரு நாயி, அணைஞ்ச அடுப்பு, அவ்ளோதான். பக்கத்து டவுன்ல கூட்ஸ் ஷெட்டு பின்னாடி எறக்கி, வாட்ச்மேன் கையில கையெழுத்து வாங்கிகினு வந்துட்டேன்" என்றார் அவர். அன்று மத்தியானம் வரதன் போன் வந்ததும் துலுக்கானம் அந்த டவுனின் பெயரையும் ஷெட் எண்ணையும் சொன்னார். வரதன் மூன்று கோவேறு கழுதையோடு ஓர் ஆளைக் கீழே அனுப்பினார். அதற்கு இரண்டாம் நாள் நாற்பது பேருக்கும் இரண்டு கால் பூட்ஸ் கிடைத்தது.

மேலேயிருந்து முறையான பதில் பத்தொன்பதாம் நாள் வந்தது. பொருள் அனுப்பிய விவரம் சரியாக இருக்கிறது, நடவடிக்கை தேவையில்லை என்று இருந்தது. அதற்குப் பிறகு போன் பேசிய விஷயம் எப்படியோ வெளியே வந்து, விவரம் சரியாக இருந்த அந்தக் கோப்பிலேயே துலுக்கானத்தின் பெயரும் ஏறியது. அவர் தகவல் சொன்ன அந்த 'வெளியார்', யாருடைய காலுக்காக அந்த பூட்ஸ் தைக்கப்பட்டதோ அந்த ஆள்தான்.

ஆனால் துலுக்கானத்தின் கோபம் மெமோவோடு நிற்பது இல்லை. அவரோடு மூன்று மாதம் வாசலில் உட்கார்ந்து பேசிய பிறகுதான் எனக்கு அது பிடிபட்டது. இரண்டு பேருக்குப் பனியில் கால்விரல் போனது. அதில் ஒருவர் வரதன். வலது காலில் இரண்டு விரல். விரலை எடுத்த டாக்டர், ஒரு நாள் இரண்டு நாள் முன்னால் நல்ல பூட்ஸ் கிடைத்திருந்தால் தப்பித்திருக்கும் என்று சொன்னாராம்.

"நானு மூணு நாளு ஒயுங்கா இருந்தேன் பாரு, அந்த மூணு நாள்ல போச்சி வெரலு" என்றார் துலுக்கானம். "ரூல்ஸ் மீறினதுக்கு மெமோ குட்த்தானுங்கோ. மீறாம குந்திகினு இருந்தேனே, அதுக்கு எவனாச்சும் குடுத்தானா? அதுக்குத்தான் நைனா எனுக்குக் குடுத்திருக்கணும்."

உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்தும் தினமும் காலை ஏழு மணிக்குக் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்புவார். கிடங்கு வாசல் வரைக்கும் போகாமல் ரயில்வே கேட்டில் நின்று, கிடங்குக்குப் பிரியும் சைடிங் பாதையில் போகும் வண்டிகளைப் பார்த்துவிட்டு, சொர்ணம் வேலைக்குக் கிளம்புவதற்குள் திரும்பிவிடுவார். தெருவில் சிலர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். நாட்டு ரகசியத்தை விற்றவர் என்று கரையான்சாவடி வரைக்கும் பேச்சு போயிருந்தது. ஒரு தடவை ரேஷன் வரிசையில் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். துலுக்கானம் அந்த ஆளின் கோணிப்பையை வாங்கி, அவிழ்ந்திருந்த வாயை இறுக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

ஞாயிறுதோறும் வரதன் போன் செய்வார். என்ன பேசுவார்கள் என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல, அவன் கால் எப்டி கீதுன்னு கேப்பேன். அவன் என் கேஸ் எப்டி கீதுன்னு கேப்பான். ரெண்டு பேரும் நல்லா கீதுன்னு சொல்லிப்போம்" என்பார்.

சித்திரையில் ஒருநாள், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஜீவா வந்தார். ஜீவா கிடங்குத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். நாற்பது வயது, நல்ல மனிதர், துலுக்கானத்துக்காக ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் எத்தனை தடவை அலைந்திருப்பார் என்று கணக்கில்லை. அன்று ஞாயிறு, சொர்ணமும் வீட்டில் இருந்தார். நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். தெருவின் சிமென்ட் சாலை வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. ஜீவா பைக்கை நிறுத்தி, வாசலிலேயே நின்று பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"அண்ணாத்தே, கிடங்கு ஆபீஸ்ல பேசி முட்ச்சிட்டேன். இதுல ஒரு கையெய்த்து. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அவங்க கையில போய்ச் சேரணும். மே கடைசில நீ ரிடயர் ஆவறப்ப மால போட்டு அனுப்புவாங்கோ. போடலன்னா நாளைக்கு டிஸ்மிஸ் ஆர்டரு. நாட்டுக்குத் துரோகம் பண்ணவன்னு கோப்புல நிக்கும். அத்த அப்பறம் எந்தக் கோர்ட்லயும் அயிக்க முடியாது."

துலுக்கானம் கடிதத்தை என்னிடம் நீட்டினார். படித்தேன். மூன்றே வாக்கியம். சாமான்கள் உரிய நேரத்தில் உரிய முறையில் அனுப்பப்பட்டன. இதனால் வீரர் எவருக்கும் எந்தப் பாதிப்பும் ஏற்படவில்லை. அறியாமையால் ராணுவத் தகவலை வெளியாருக்குச் சொன்னதற்கு வருந்துகிறேன்.

"நடுவுல கீறத மட்டும் எடுத்துட சொல்லு. போட்டுட்றேன்" என்றார் துலுக்கானம்.

"அத்த எடுத்தா ஒத்துக்க மாட்டாங்க. அதுக்காகத்தானே அண்ணாத்தே லெட்டரே."

உள்ளேயிருந்து சொர்ணத்தின் குரல் வந்தது. "போட்டுத் தொலையேன்யா. முப்பத்தோரு வருசம் ஒயச்சிட்டு துரோகின்னு பேரு வாங்கிகினு ஊட்ல குந்தப் போறியா? அந்தக் கிடங்குக்காரனுங்க ஒருத்தனாச்சும் இந்த வாசல்ல வந்து நின்னானா? உன் மானம்தான் போவுது."

துலுக்கானம் போனை எடுத்து வரதனைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். கடிதத்தில் இருப்பதைச் சொன்னார். வரதன் யோசிக்கவே இல்லை.

"போட்டுருங்கண்ணா. நானே போட்டுட்டேன்."

"நீ இன்னாத்த போட்டே?"

"எனக்கும் ஒண்ணு எழுதி வெச்சிருந்தாங்க. என் கவனக்குறைவாலதான் விரல் போச்சுன்னு. ஈர சாக்ஸ் கழட்டாம தூங்கிட்டேன்னு. போன் பேசினதுக்குக் கேஸ் போடாம இருக்கணும்னா போடுன்னாங்க. போட்டுட்டேன். விடுங்கண்ணா, முப்பத்தெட்டு பேருக்கு கால் முழுசா இருக்குது. அது உங்களாலதான்."

"ஈர சாக்ஸா?" என்று கேட்டார் துலுக்கானம்.

"ஆமாண்ணா."

போன் நின்றது. சொர்ணம் கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றிருந்தார். ஜீவா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினார். துலுக்கானம் பேனாவைப் பார்க்கவில்லை. ஜீவாவின் காலைப் பார்த்தார்.

"ரைட்டு செருப்ப கயட்டு."

"இன்னா அண்ணாத்தே?"

"கயட்டுடா சொல்றேன்."

ஜீவா சிரித்துக்கொண்டே கழற்றினார். துலுக்கானம் குனிந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டார். "இப்ப கீய நில்லு. ரெண்டு காலும் ஊனி நில்லு. மூணு நாளு வேணாம், மூணு நிமிசம் நில்லு."

ஜீவா மரியாதைக்காக நின்றார். பத்து நொடிகூட ஆகியிருக்காது. "ஐயோ, சுடுது அண்ணாத்தே" என்று வலது காலைத் தூக்கிக்கொண்டு கேட் கம்பியைப் பிடித்தார். அவர் மேல் தப்பு இல்லை என்று எனக்குத் தெரியும், துலுக்கானத்துக்கும் தெரியும். தப்பு செய்தவர்கள் இந்தத் தெருவுக்கு வரப்போவதில்லை. வந்து நிற்கிறவர் ஜீவாதான்.

"சுடுதா?" என்றார் துலுக்கானம். என் கையிலிருந்து கடிதத்தை வாங்கினார். முழங்காலில் கையை ஊன்றி மெதுவாகக் குனிந்து, ஜீவாவின் தூக்கிய காலுக்கு நேர் கீழே, சாலையில் அதை விரித்து வைத்தார். மூலை மடங்காமல் நீவி விட்டார்.

"இத்து மேல நில்லு. எவனுக்கும் ஒண்ணும் ஆவலன்னு எய்திகினு கீது இல்ல, சுடாது."

சொர்ணம் வழியை விட்டு ஒதுங்கினார். துலுக்கானம் அந்த வலது செருப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.